டின்னுக்குள் ஒரு பசு

ஜொகூர் பாருவின் தம்போயில் காலை ஆறரை மணிக்கு ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் இரண்டு கேள்விகள் வரும். முதலில், "பசியாறியாச்சா?" அடுத்தது, "என்ன தண்ணி?" தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் இரண்டாவது கேள்விக்கு "சும்மா சாதாரணத் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு, முன்னால் வந்து நிற்கும் வெந்நீர் கிளாசைப் பார்த்து விழிப்பார். மலேசியத் தமிழில் தண்ணி என்றால் பானம்.

"தே" என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் வரும். "தே சி" என்றால் சீனி கலக்காத, சுண்டிய டின்பால் ஊற்றியது. அந்த "சி" கார்னேஷன் என்ற டின்பாலின் முதல் ஆங்கில எழுத்து என்று பலரும் சொல்வார்கள். "தே தாரேக்" என்றால் கையை உயர்த்தி இழுத்து ஆற்றியது. "மைலோ" கேட்டால் பால்பொடி ஏற்கெனவே கலந்த மாவின் மேல் இன்னும் கொஞ்சம் கெட்டிப்பால். இந்தப் பட்டியலில் பாலிலிருந்து தப்பிக்க ஒரே ஓர் எழுத்துதான் உண்டு, "ஓ". ஹொக்கியன் மொழியில் அதற்குக் கறுப்பு என்று பொருள். தே ஓ, கோப்பி ஓ. இந்த ஊரில் பால் கேட்காமலே வருகிறது, வேண்டாம் என்பதைத்தான் வாய் திறந்து சொல்லியாக வேண்டும்.

என் சித்தி அந்த எழுத்தைச் சொல்லப் பழகியதே இல்லை. தம்போய் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் இரவு ஷிஃப்ட் பார்த்தவர். வேலை முடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு தே தாரேக், ரொட்டி சானாயோடு இன்னொன்று, வீட்டுக்கு வந்து தூங்குமுன் ஒரு மைலோ. பத்து மணிக்கெல்லாம் வயிறு உப்பி, இரைந்து, புரண்டு புரண்டு படுப்பார். வாய்வு என்று பெருங்காயம் போட்டுக் குடித்தார். பூண்டைச் சுட்டுத் தின்றார். பருப்பை விட்டார், உருளைக்கிழங்கை விட்டார். "சித்தி, தேயை ரெண்டு நாளைக்கு விட்டுப் பாருங்களேன்" என்றேன் ஒருமுறை. "அதையும் விட்டுட்டா நான் எதுக்குடா எந்திரிக்கணும்?" என்றார்.

சித்தியின் வயிற்றில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பாலின் இனிப்பு லாக்டோஸ் என்ற சர்க்கரை. குளுக்கோஸ் ஒன்றும் கேலக்டோஸ் ஒன்றும் கைகோத்து நிற்கும் இரட்டை அது. இரட்டையாக இருக்கும்வரை சிறுகுடல் சுவர் அதை உள்ளே விடாது. பிரித்து வைப்பதற்கு லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இது ஏராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்தபின் பசுங்கன்றுக்கும் பூனைக்குட்டிக்கும் குறைந்துவிடுவதுபோலவே பெரும்பாலான மனிதர்களுக்கும் குறைந்துவிடும். பிரியாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது. போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொள்கிறது, அதனால் வயிறு இளகுகிறது. பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அன்று விருந்து. அவை லாக்டோஸைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன் உள்ளிட்ட வாயுக்களை விடுகின்றன. அந்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. சோதனை செய்பவர்கள் லாக்டோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்துவிட்டு மூச்சை ஊதச் சொல்வது இதற்காகத்தான்.

இப்படி ஊதவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று மலேசியாவிலேயே உண்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என ஏறத்தாழ 300 பேரைச் சோதித்து 2006இல் வெளியானது. லாக்டேஸ் குறைவு மலாய்க்காரரில் 88 விழுக்காடு, சீனரில் 91, இந்தியரில் 83. நாங்கள் பசுவைக் கும்பிடுகிறவர்கள், எங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளும் என்று பெருமை பேசுகிறவர்கள் அந்தக் கடைசி எண்ணை இன்னொரு தரம் பார்க்கலாம். இந்தியாவுக்குள்ளேயே இதில் வடக்கு தெற்கு வேறுபாடு பெரிது. 1981இல் வந்த ஓர் ஆய்வில் தில்லியில் 27.4 விழுக்காட்டினருக்கு லாக்டோஸ் ஒவ்வாமல் போனது, தென்னிந்திய மையங்களிலோ 66.6. வளர்ந்தபின்னும் லாக்டேஸைச் சுரக்கவைக்கும் மரபணு மாற்றத்தை 2002இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றத்தைப் பின்னர் இந்தியா முழுக்கத் தேடியபோது, வடமேற்கில் அதிகமாகத் தொடங்கித் தெற்கும் கிழக்கும் வர வர அது மெலிந்துகொண்டே போனது. தெற்கே தனித்து நின்றவர்கள் நீலகிரியில் எருமை மேய்க்கும் தோடர்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் முன்னோரில் பெரும்பாலோர் எருமை மேய்த்தவர்கள் அல்லர்.

ஆனால் சித்தியின் கதையை இங்கேயே முடித்தால் அது அரைகுறை அறிவியல். ஒரு கப் பசும்பாலில் ஏறத்தாழ 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பலர் இந்த அளவை ஒரே வேளையில் பெரிய தொல்லையின்றித் தாங்குகிறார்கள், சாப்பாட்டோடு சேர்ந்தால் இன்னும் எளிதாக. ஒரு கிளாஸ் தேயில் 40 கிராம் கெட்டிப்பால் ஊற்றினால் நாலரை கிராம் லாக்டோஸ் வரும். அப்படியானால் ஒரு கிளாஸ் தே குற்றவாளி அல்ல. வெறும் வயிற்றில் ஒன்று, அடுத்து இன்னொன்று, அதன்மேல் மைலோ என்று அடுக்கும்போதுதான் கணக்கு ஏறுகிறது. அதைவிடப் பெரிய செய்தி அதே 40 கிராமில் ஒளிந்திருக்கிறது. கெட்டிப்பாலில் சேர்க்கும் சீனி எடையில் கிட்டத்தட்டப் பாதி. ஒரு கிளாசுக்கு 18 கிராம் சீனி. சித்தியின் வயிற்று இரைச்சலைவிட அவருடைய ரத்தச் சர்க்கரைதான் எனக்குக் கவலையாக இருந்தது.

இந்த டின் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் கெயில் போர்டன் என்பவர் 1856இல் பாலைச் சுண்டவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சீனியை அடர்த்தியாகச் சேர்த்துவிட்டால் பாக்டீரியாவால் அதில் வாழ முடியாது. அதன் உடலிலிருக்கும் தண்ணீரையே சீனி உறிஞ்சிவிடும். மாங்காய் ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையை இங்கே சீனி செய்கிறது. குளிர்பெட்டி இல்லாத வெப்ப நாட்டுக்கு இதைவிட வசதியான பால் கிடையாது. நெஸ்லே நிறுவனம் 1912இலேயே பினாங்கில் கடை விரித்துவிட்டது. டின்மேல் தலையில் பால்குடம் சுமக்கும் ஒரு பெண்ணின் படம், மலாயில் அதற்குச் சாப் ஜுன்ஜோங் என்று பெயர். பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கும் சனத்துக்கு அந்தப் படம் அந்நியமாகத் தெரிந்திருக்காது.

டின்பாலால் குழந்தைகள் பட்ட பாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், இன்றைய கானாவில் குவாஷியோர்கர் என்ற புரதக்குறை நோயை உலகுக்கு எடுத்துச் சொன்னவர், 1930களின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் பணியாற்றினார். ஜலசந்தியைத் தாண்டினால் இந்தக் கரை. தாய்ப்பாலை நிறுத்திவிட்டுச் சீனிக் கெட்டிப்பாலைக் கரைத்து ஊட்டும்படி தாய்மாரைத் தூண்டிய விற்பனை உத்தியையும், அதனால் நலிந்து செத்த சிசுக்களையும் பார்த்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அதைப் பற்றி உரையாற்றினார். உரையின் தலைப்பு, தமிழில் சொன்னால், "பாலும் கொலையும்." மாற்றுப்பால் தேடுகிற எவருக்கும் இது பழங்கதை அல்ல. கடையில் விற்கும் ஓட்ஸ் பாலோ பாதாம் பாலோ தேங்காய்ப்பாலோ ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. பெயரில் பால் இருப்பதாலேயே பாலின் சத்து அதில் வந்துவிடுவதில்லை.

இப்போது தேநீருக்கு வருவோம். பாலை நிறுத்தியவர்கள் முதலில் ஏங்குவது இதற்குத்தான், பெரும்பாலோர் தோற்பதும் இதில்தான். தேயிலைத் தூளில் இருக்கும் பாலிஃபீனால்கள் நம் எச்சிலிலுள்ள வழவழப்பான புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. எச்சில் வழவழப்பை இழந்ததும் நாக்கு வறண்டு இழுக்கிறது. அதைத்தான் துவர்ப்பு என்கிறோம். பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்தின் உடலமைப்பும் அந்த எச்சில் புரதம் போன்றதுதான். கிளாசில் அது இருந்தால் பாலிஃபீனால் அதனோடு மல்லுக்கட்டிவிட்டு, நாக்குக்கு வரும்போது கை ஓய்ந்துவிடுகிறது. பால் கொழுப்பு நாக்கில் பூசிக்கொண்டு கனத்தைத் தருகிறது. புரதம் காற்றுக்குமிழிகளைச் சுற்றித் தோல்போல் படர்ந்து, இழுத்து ஆற்றும்போது நுரை நிற்க வைக்கிறது. ஆக ஒரே ஊற்றலில் மூன்று வேலை. மாற்று தேடும்போது இந்த மூன்றில் எது நமக்கு வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும். தெரியாமல் தேங்காய்ப்பாலைத் தேயில் ஊற்றி, மேலே மிதக்கும் எண்ணெயைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன்.

புரத வேலைக்குச் சோயாவே முதல் ஆள். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வெல்லப்பாகு ஊற்றித் தரும் தௌஃபூஃபா என்ற மிருதுவான சோயாக் கட்டியையும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் சோயாப் பாலையும் சாப்பிட்டே வளர்ந்த ஊர் இது. ஆனாலும் அது சீனர் தண்ணி, நம் தேயில் ஊற்றுவதா என்ற தயக்கம் நம் வீடுகளில் இன்னமும் இருக்கிறது. சோயாப் பாலைப் போத்தலில் அடைத்துப் பெரிய வணிகமாக்கிய முன்னோடிகளில் ஒருவரான லோ குவீ சியோங், மலாயாவில் வளர்ந்தவர். ஜப்பானியப் படையெடுப்பில் ஹாங்காங்குக்கு ஓடிவந்த அகதிகள் சத்தில்லாமல் நலிவதைப் பார்த்து 1940இல் விட்டாசோய் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் நாள் விற்றது 9 போத்தல்.

சோயாப் பாலில் புரதம் பசும்பாலுக்குக் கிட்டத்தட்டச் சமம். அதிலும் இரண்டு வம்பு உண்டு. ஒன்று பச்சை வாசம். பயறு அரைபடும்போது அதிலுள்ள ஒரு நொதி கொழுப்பைச் சிதைப்பதால் எழுவது அது. ஊறிய சோயாவைப் பச்சைத் தண்ணீரில் அரைக்காமல் கொதிநீர் ஊற்றி அரைத்தால் நொதி அப்போதே செத்துவிடும், வாசமும் அடங்கும். அரைத்ததை வடிகட்டி நன்றாகக் கொதிக்கவும் விட வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு, அவை வேகாமல் அடங்கா. இரண்டாவது வம்பு திரிதல். சோயாப் புரதம் அமிலத்தன்மை கூடிய இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சூடு அதைத் துரிதப்படுத்தும். கோப்பியில் அமிலம் அதிகம், தேயில் குறைவு. அதனால் தேயில் வெற்றி கிடைப்பது எளிது. முதலில் சோயாப் பாலைத் தனியாகச் சூடாக்கி கிளாசில் ஊற்றுங்கள். கொதி அடங்கிய தே டிக்காஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் சேருங்கள். வரிசையை மாற்றினால் தயிர்த் துணுக்கு மிதக்கும்.

ஓட்ஸ் பால் புதியது. 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் ரிக்கார்டு ஓஸ்டே என்ற விஞ்ஞானி, நொதியைக் கொண்டு ஓட்ஸ் மாவுச்சத்தை உடைத்து வழவழப்பான பானம் செய்தார். இன்று ஜொகூர் பாருவின் குளிரூட்டிய கோப்பிக் கடைகளிலெல்லாம் கிடைக்கிறது. நன்றாக நுரைக்கும், எளிதில் திரியாது, ஏனென்றால் கோப்பிக்கென்று தயாரிப்பவற்றில் அமிலத்தைச் சமாளிக்கப் பாஸ்பேட் உப்பு சேர்க்கிறார்கள். ஆனால் மாவுச்சத்து உடைந்தால் சர்க்கரைதான். "சீனி சேர்க்கவில்லை" என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் இனிப்பது அதனால்தான். புரதமும் குறைவு. விலையும் கொஞ்சம் கடிக்கும். நாலு வெள்ளி கொடுத்துத் தே குடிக்கிற பழக்கம் சித்திக்கு வராது.

தேங்காய்ப்பாலுக்குத் தேநீர் இடமல்ல, சமையல்தான் இடம். அங்கே அதற்குப் பசும்பாலைத் தேடி ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஆப்பத்துக்கு, இடியாப்பத்துக்கு, திருநெல்வேலிச் சொதிக்கு, பாயசத்துக்கு, மலாய்க்காரர் நாசி லெமாக்குக்கு, அது தன் சொந்த உரிமையில் நிற்கிறது. தேங்காயின் தலைப்பாலில் கொழுப்பு 20 விழுக்காட்டைத் தாண்டும், புரதம் மிகக் குறைவு. எண்ணெய்த் துளிகளைத் தண்ணீரில் தாங்கிப் பிடிக்க அந்தக் கொஞ்சப் புரதம்தான் உண்டு. அடுப்பைத் தூக்கிவைத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டால் புரதம் சுருண்டு எண்ணெய் பிரிந்துவிடும். மூன்றாம் பாலில் காய் வேகட்டும், தலைப்பாலை ஊற்றியதும் நுரை கட்டும்போதே இறக்கு, எலுமிச்சைச் சாற்றை இறக்கியபின் பிழி என்று பாட்டிமார் சொன்னதில் பாதி வேதியியல் பாடம் இருக்கிறது. அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்றது என்பதால், பால் நிறுத்திய மகிழ்ச்சியில் மூன்று வேளையும் சந்தான் என்று மலாயில் சொல்லும் இந்தத் தேங்காய்ப்பாலை ஊற்றிச் சமைக்க வேண்டாம்.

தயிருக்கு வந்தால் பலருக்கும் மாற்றே தேவைப்படாது. தயிராக்கும் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன, மிச்சத்தைப் பிரிக்கும் நொதியையும் தங்கள் உடலிலேயே நம் குடலுக்குச் சுமந்து வருகின்றன. பால் ஒத்துக்கொள்ளாத தமிழர் தலைமுறை தலைமுறையாக மோர் குடித்து நலமாக இருந்ததன் சூட்சுமம் இது. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் பால் ஒவ்வாமை என்பது வேறு நோய். அங்கே எதிரி சர்க்கரை அல்ல, புரதம். உடலின் எதிர்ப்பாற்றல் கேசீனையோ மற்றப் பால் புரதங்களையோ எதிரியாக எடுத்துக்கொள்ளும். தடிப்பு, வாந்தி, சிலருக்கு மூச்சுத்திணறல் வரை போகும். அவர்களுக்குத் தயிரும் ஆகாது, லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆகாது, ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஆகாது, நெய்யில் ஒட்டிய துளிப் புரதம்கூட ஆபத்து. அவர்களுடைய புளிப்புக்கு நீராகாரம் இருக்கிறது. இரவில் தண்ணீர் ஊற்றிய சோற்றில் அதே வகைப் பாக்டீரியாக்கள் பசுவின் துணையின்றிப் புளிப்பைத் தருகின்றன. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டுக் கரைத்தால் மோருக்கு ஏங்க நேரமிருக்காது. நிலக்கடலையை ஊறவைத்து அரைத்து வடிகட்டிக் காய்ச்சி, ஆறியபின் மிளகாய்க் காம்பைப் போட்டு உறையவைப்பவர்களும் உண்டு. கடலைப் புரதத்தைப் பாலோடு கலந்து பாலை நீட்டிக்கும் மில்டோன் என்ற பானத்தை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் உருவாக்கியிருந்தது. நம் வீட்டுக் கடலைத் தயிர் அதன் ஏழைத் தங்கை.

கடை அலமாரியில்தான் கண்ணி அதிகம். "பாலற்றது" என்று பொருள்படும் சொல்லோடு விற்கும் கிரீமர் பொடியில் பெரும்பாலும் சோடியம் கேசினேட் இருக்கும். அது பால் புரதம். லாக்டோஸ் ஒவ்வாதவர் குடிக்கலாம், பால் ஒவ்வாமைக்காரர் தொடக்கூடாது. சந்தான் பொடிகளிலும் பலவற்றில் இதே கேசினேட் உண்டு, தேங்காயில் பசு எப்படி நுழைந்தது என்று கேட்டால் தேங்காய்க் கொழுப்பைப் பொடிக்குள் பிடித்து நிறுத்துவதற்காக. டின்னில் வரும் இனிப்பு கிரீமர் பாமாயிலும் கொழுப்பு நீக்கிய பால் சத்தும் சேர்ந்தது. ரொட்டி சானாய் மாவில் கெட்டிப்பால் பிசைவார்கள். பிஸ்கட்டில் பாலிலிருந்து எடுத்த வே பொடி. 1985ஆம் ஆண்டு மலேசிய உணவு விதிமுறைகளின்படி பால் சேர்ந்திருந்தால் பெட்டியில் சொல்லியாக வேண்டும். ஆகவே "சூசூ", "காசேய்ன்", "லக்தோசா", "வே" என்ற நாலு மலாய்ச் சொற்களை முதலில் கண் தேடப் பழக வேண்டும். பேச்சு வழக்கை நம்ப வேண்டாம். மெந்தேகா என்றால் வெண்ணெய், ஆனால் கடைக்காரர் மார்ஜரினையும் அதே பெயரில்தான் நீட்டுவார். தோசையும் இட்லியும் பாதுகாப்பு, கல்லில் நெய் தடவாதவரை.

பால் நின்றால் சுண்ணாம்புச் சத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் என்பது மலேசியப் பரிந்துரை, 50 தாண்டினால் 1200. பசும்பாலில் 100 மில்லிக்கு 120 இருக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300க்கு மேல், முருங்கைக்கீரையிலும் அப்படியே. தோல் நீக்காத எள் இவை எல்லாவற்றையும் மிஞ்சும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியை மறக்க வேண்டாம், சம்பல் நெத்திலி இந்த நாட்டுக்காரரின் எலும்பைக் காக்கும் ஆயுதம். சுண்ணாம்பு சேர்த்த சோயாப் பால் வாங்கினால் பெட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள், சேர்த்த சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். பசலையில் எண் பெரிதாக இருந்தாலும் ஆக்சலேட் அதைப் பூட்டி வைத்திருக்கும். சைவர்களுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. அவர்களுக்கு பி12 வைட்டமின் பெரும்பாலும் பாலும் தயிரும் வழியாகவே வருகிறது. இரண்டையும் நிறுத்தினால் அதை மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோ எடுத்தாக வேண்டும். நரம்பு மரத்துப்போனபின் தேடுவதில் பயனில்லை.

போன தீபாவளிக்குச் சித்தி வீட்டில் மூன்று கிளாஸ் வைத்துச் சோதித்தோம். ஒன்றில் தேங்காய்ப்பால், ஒன்றில் ஓட்ஸ் பால், ஒன்றில் வீட்டில் கொதிநீர் ஊற்றி அரைத்த சோயா. எதில் எது என்று சித்திக்குச் சொல்லவில்லை. முதல் கிளாசை மோந்து பார்த்துவிட்டுக் கறி வைக்கவா என்றார். ஓட்ஸைக் குடித்து, "கஞ்சி மாதிரி இருக்கு, பரவால்ல" என்றார். மூன்றாவதை வாங்கி, ஒரு மங்கிலிருந்து இன்னொரு மங்குக்குக் கையை உயர்த்தி நாலு தரம் இழுத்தார். நுரை விரற்கடை உயரம் நின்றது. ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

"சீனி பத்தல" என்றார்.